டீச்சரைக் கீறிய புதன்கிழமைகள்

சித்திரப் பாடத்துக்கு நான் விரும்பிப் போகவில்லை. அனுப்பி வைத்தார்கள். பத்தாம் வகுப்பில் சங்கீதம், நடனம், சித்திரம் மூன்றில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். தோழிகள் சங்கீதத்துக்குப் பெயர் கொடுத்தார்கள் என்பதால் நானும் கொடுத்தேன். சங்கீத டீச்சர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, சுருதிப் பெட்டியோடு சேர்ந்து பாடச் சொன்னார். நான் பாடி முடித்ததும், பிழை பெட்டியில்தானோ என்பதுபோல் அதை ஒருதரம் குனிந்து பார்த்தார். பிறகு மிகவும் அன்பாக, "புள்ள, சித்திரத்துக்குப் போவமா?" என்றார்.

அப்படித்தான் நான் பள்ளிக்கூடத்தின் பின்பக்கத்து அரைச்சுவர்க் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தேன். அதற்கு அப்பால் வேலி, வேலிக்கு அப்பால் வாவி. காற்று எந்தப் பக்கம் நினைத்தாலும் உள்ளே வரும். வகுப்புக்குப் போனதும் நாங்கள் செய்யும் முதல் வேலை, தாள் பறக்காமல் வைப்பதற்குக் கல் பொறுக்குவது. மொத்தம் ஏழு பேர் இருந்தோம். பாட வராதவர்கள், ஆட வெட்கப்பட்டவர்கள். எனக்குப் பக்கத்தில் இருந்தவள், வாவியில் வலை போடும் ஒருவரின் மகள். விடிய எழும்பி மீன் பிரிக்க உதவிவிட்டு வருவதால் எந்த நேரமும் நித்திரைத் தூக்கத்தில் இருப்பாள். முன் மேசையில் ஒரு பொடியன் இருந்தான். அவனுக்கு உழவு மெசினைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் கீற விருப்பமில்லை. அதையும் கோட்டுக்குக் கோடு அடிமட்டம் வைத்துத்தான் கீறுவான். அவனை மெசின்காரன் என்றே கூப்பிடுவோம்.

முதல் வருசம் படிப்பித்த சேர் கரும்பலகையில் ஒரு பானை கீறுவார், நாங்கள் அதைப் பார்த்துக் கீறுவோம். அடுத்த கிழமை கேத்தல். அதற்கடுத்த கிழமை திரும்பப் பானை. வெண்கட்டிக் கோட்டைப் பார்த்து நாங்கள் பென்சில் கோடு போட்டோம். உண்மையான பானை ஒன்றை ஒருநாளும் வகுப்பில் கண்டதில்லை. வருசக் கடைசியில் அவருக்கு இடமாற்றம் வந்தது. பதினோராம் வகுப்பு தொடங்கியபோது புளியந்தீவிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார் எங்கள் புது டீச்சர்.

முப்பது வயது கடந்தவர். பருத்திச் சேலை, கழுத்தில் சின்னச் சிலுவை தொங்கும் மெல்லிய சங்கிலி, தோளில் எப்போதும் ஒரு துணிப்பை. முதல் நாளே நாங்கள் அதுவரை கீறிய எல்லாவற்றையும் நிலத்தில் பரப்பச் சொன்னார். கல் வைத்துப் பரப்பினோம். நடந்து நடந்து பார்த்தார். என் படங்களுக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டார்.

அறுவடை என்று நான் கீறிய படத்தில் ஆட்கள் எல்லோரும் முழங்கால் மட்டும் நெல்லுக்குள் நின்றார்கள். மீன்பிடி என்ற படத்தில் முழங்கால் மட்டும் தண்ணீருக்குள் நின்றார்கள். கோயில் திருவிழாவில் முன்னால் ஒரு மதிலைக் கீறிவிட்டு, அதற்கு மேலால் தலைகளை மட்டும் அடுக்கியிருந்தேன்.

"இது ஆர்ர படம்?"

கையை உயர்த்தினேன்.

"உங்கட ஊர் ஆக்களுக்குக் காலே இல்லையா புள்ள?"

எல்லோரும் சிரித்தார்கள். நித்திரைத் தூக்கத்தில் இருந்தவள் கூட எழும்பிச் சிரித்தாள். எனக்குக் கால் கீற வராது என்பதை அதுவரை ஒருவரும் கண்டுபிடித்ததில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் டீச்சரின் சிரிப்பில் குத்தல் இருக்கவில்லை. "எனக்குக் காது வராது. கொலேஜில படிக்கக்குள்ள எல்லாருக்கும் தலைமயிர நீளமாக் கீறி மூடிப் போடுவன்" என்று என்னிடம் மட்டும் கேட்கும்படி சொன்னார்.

சில கிழமைகள் பொருட்கள் கீறினோம். இந்தமுறை உண்மையான பொருட்கள். பூசணிக்காய், மண்சட்டி, குப்பி லாம்பு, ஒருநாள் மெசின்காரன் வீட்டிலிருந்து தூக்கி வந்த துருப்பிடித்த கலப்பைக் கொழு. பிறகு மனித உருவம் தொடங்க வேண்டும். எங்களில் ஒருவரை முன்னால் நிற்க வைத்துப் பார்த்தார். நின்றவர் சிரித்தார், சொறிந்தார், கண்ணால் சைகை காட்டினார். பத்து நிமிசம் தாங்கவில்லை.

அந்த நாட்களில்தான் டீச்சருக்குப் பிள்ளை கிடைக்கப் போகிறது என்பது எங்களுக்குத் தெரியவந்தது. ஒருவரும் வாயால் சொல்லவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கும் விதம் மாறியது, இடைவேளைக்குத் தேசிக்காய் மணந்து கொண்டிருந்தார், அவ்வளவுதான். பிறகு ஒரு புதன்கிழமை அவரே சொன்னார்.

"என்ன நிக்க வேணாமெண்டு டொக்டர் சொல்லிப் போட்டார். நான் இரிக்கத்தான் போறன். சும்மா இரிக்கிறத விட, நீங்க என்னக் கீறுங்க."

பொடியன்கள் ஆசிரியர் அறையிலிருந்து கைபிடி வைத்த மரக்கதிரை ஒன்றைத் தூக்கி வந்தார்கள். டீச்சர் அதில் அமர்ந்து, செருப்பைக் கழற்றி, பெஞ்சு மாதிரிச் சின்ன வாங்கு ஒன்றில் காலைத் தூக்கி வைத்தார். கால் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்தார்.

"இஞ்ச பார், ரெண்டும் பணியாரம் மாதிரிக் கிடக்கு. இதையே கீறப் பழகினியெண்டா எந்தக் காலையும் கீறலாம்."

அன்று நான் கீறியது காலும் இல்லை, பணியாரமும் இல்லை. அழித்து அழித்து அந்த இடத்தில் தாள் மயிர் எழும்பிவிட்டது. டீச்சருக்கு எழும்பி வந்து திருத்திக் காட்ட முடியாது. எழும்பினால் உருவம் குலைந்துவிடும். அதனால் தாளை அவருக்கு முன்னால் தூக்கிப் பிடித்துக் காட்டுவோம், அவர் இருந்த இடத்திலிருந்து சொல்லுவார். அவருக்குத் தெரியாத தூரத்தில் இருக்கும் பிழைகளை நாங்களே ஒருவர் மேசைக்கு ஒருவர் போய்க் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று.

என் தாளை நெடுநேரம் பார்த்துவிட்டு டீச்சர் கேட்டார்: "என்ட காலுக்கும் வாங்கிட காலுக்கும் நடுவில ஒரு வெளி இரிக்கு, தெரியுதா?"

"ஓம் டீச்சர்."

"அது என்ன வடிவம்?"

முன் மேசையிலிருந்து மெசின்காரன் சொன்னான்: "ஆப்பு மாதிரி டீச்சர். கோடாலிக்கு இறுக்குவாங்களே, அந்த ஆப்பு."

"அந்த ஆப்பக் கீறு. கால விடு. கால நினைக்கவே நினைக்காத."

நான் ஆப்பைக் கீறினேன். பிறகு குதிகாலுக்குக் கீழே இருந்த வெளி, அது ஒரு வாழைப்பழத் தோல் மாதிரி. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் ஒரு சின்னக் கோடு, அது நேர்கோடே இல்லை, ஒரு புழு. வெளிகளை எல்லாம் கீறி முடித்துவிட்டுத் தாளைத் தள்ளிப் பார்த்தேன். நடுவில் ஒரு கால் இருந்தது. வடிவான கால் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது வாங்கின் மேல் பாரமாகக் கிடந்தது. மிதக்கவில்லை. பக்கத்தில் இருந்தவளைக் கிள்ளி எழுப்பிக் காட்டினேன். "டீச்சர்ர காலேதான்கா" என்றாள்.

மெசின்காரனுக்கு இந்த வழி என்னைவிட நன்றாகப் பிடித்தது. அவன் முதலில் கதிரையைக் கீறுவான். கதிரை அச்சொட்டாக இருக்கும், தச்சன் பார்த்துச் செய்யலாம். அதில் இருக்கும் டீச்சர் மட்டும் அரிசிமூட்டை மாதிரி இருப்பார். கிழமைக்குக் கிழமை மூட்டைக்குக் கழுத்து வந்தது, தோள் வந்தது, கடைசியில் கை வந்தது. அவன் அடிமட்டத்தைப் பைக்குள் வைத்த நாளில் டீச்சர் கைதட்டினார்.

புதன்கிழமை இடைவேளைக்குப் பிறகு எங்களுக்கு இரட்டைப் பாடவேளை. பள்ளிக்கூடத்திலேயே அந்த நேரத்துக்கு எங்கள் வகுப்பைவிட அமைதியான வகுப்பு இருந்திருக்காது. பல நாள் டீச்சர் அப்படியே நித்திரையாகிவிடுவார். தலை ஒரு பக்கம் சாயும், வாய் கொஞ்சம் திறக்கும். நாங்கள் பென்சிலைக் கூட மெதுவாகத்தான் வைப்போம். காகம் கத்தினால் ஒருவன் சத்தமில்லாமல் எழும்பிப் போய்த் துரத்திவிட்டு வருவான். அவர் கீற வைத்துப் படிப்பித்ததைவிட, நித்திரை கொண்டு படிப்பித்தது அதிகம் என்று நினைக்கிறேன். சாய்ந்த கழுத்து எப்படித் தோளில் போய்ச் சேருகிறது, தளர்ந்த கை எப்படிக் கைபிடியில் கிடக்கிறது என்பதெல்லாம் அப்போது பார்த்துப் பார்த்துக் கீறியவை.

வயிறு வளர வளரச் சேலை மடிப்புகள் மாறின. முன்பு நேராக விழுந்த கொசுவம் இப்போது விரிந்து இரண்டாகப் பிரிந்து விழுந்தது. போன கிழமைக் கோட்டை இந்தக் கிழமைக்குப் பாவிக்க முடியாது. ஒருநாள் மெசின்காரன் எரிச்சலோடு, "டீச்சர், ஆடாதீங்க. மடிப்பு மாறிப் போச்சு" என்றான்.

"நான் ஆடல்ல மகன். உள்ளுக்க இரிக்கிறவர் ஆடுறார்."

எங்கள் எல்லோருடைய பென்சிலும் நின்றுவிட்டது. சேலைக்குக் கீழே ஏதோ ஒன்று மெல்ல எழும்பி, நகர்ந்து, மறைந்தது. மெசின்காரனின் முகம் சிவந்துபோனது. பிறகு அவன் தன் படத்தில் அந்த மடிப்பை அழித்துவிட்டுத் திரும்பக் கீறினான், மிகவும் கவனமாக.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் ஒரு படத்தை நிழல் தீட்டி முடிப்பதற்காக வீட்டுக்குக் கொண்டுபோனேன். எங்கள் வீடு தேற்றாத்தீவில். அப்பாவுக்கு வெற்றிலைத் தோட்டம். பின்னேரங்களில் அம்மா நிலத்தில் அமர்ந்து வெற்றிலை அடுக்கிக் கட்டுவார். நான் பக்கத்தில் தாளை விரித்து வைத்துத் தீட்டிக்கொண்டிருந்தேன். அம்மா எட்டிப் பார்த்தார்.

"ஆரிது?"

"எங்கட சித்திர டீச்சர்."

"வயித்தில பிள்ளையோட இரிக்கிறவவையா கீறுறீங்க?"

"ஓம். அவதான் கீறச் சொன்னவ. நல்லா வந்திரிக்குதா?"

அம்மா கையில் இருந்த வெற்றிலையை வைத்துவிட்டு, தாளைக் கவிழ்த்து வைத்தார். "நல்லா வந்திரிக்கு. அதுதான் பயமாக் கிடக்கு" என்றார். "ஏழு பேர் சுத்தி இருந்து, கண் வெட்டாமப் பார்த்துப் பார்த்து... கண்ணூறு படாதா புள்ள? நாளைக்கு நான் வாறன் பள்ளிக்கு."

எவ்வளவு கெஞ்சியும் கேட்கவில்லை. அடுத்த நாள் கோயிலுக்கு உடுக்கும் வெள்ளைச் சேலையை உடுத்து, என்னோடு கூடவே நடந்து வந்தார். எனக்கு நிலம் பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது. அரைச்சுவர்க் கட்டடத்தில் டீச்சர் தாள் வெட்டிக்கொண்டிருந்தார். அம்மா சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து நான் தூணுக்குப் பக்கத்தில் நின்றேன்.

"டீச்சர், கோவிக்கப்படாது. நான் இவட அம்மா. நீங்க படிச்ச ஆக்கள். ஆனா மனசு கேக்குதில்ல, அதுதான் சொல்ல வந்தன்" என்று தொடங்கி, அம்மா எல்லாவற்றையும் சொன்னார்.

டீச்சர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"எங்கட மாமியும் இதத்தான் சொல்லுறா அக்கா. கலியாணம் முடிச்சுக் கனகாலத்துக்குப் பிறகு தங்கின பிள்ளை. ஒரு போட்டோ எடுக்க விடுறா இல்ல. அந்தோனியார் கோயில் எண்ணெய வயித்தில பூசிப் பூசிச் சேலை எல்லாம் கறை." வெட்டிய தாளைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "ஆனா இந்த நாளெல்லாம் எனக்கு ஒண்டுமில்லாமப் போயிரும் அக்கா. நான் எப்பிடி இருந்தனெண்டு மறுகா பாக்க எனக்கிட்ட ஒண்டும் இரிக்காது. இந்தப் பிள்ளைகள் கீறுறது மட்டும்தான்."

அம்மா, "அப்ப நான் ஒண்டு செய்யட்டா?" என்றார்.

அடுத்த புதன்கிழமை அம்மா செத்தல் மிளகாயும் உப்பும் மடியில் கட்டிக்கொண்டு வந்தார். பள்ளிக்கூடத்துச் சமையல் கொட்டிலில் சிரட்டை நெருப்பு வாங்கினார். டீச்சர் கதிரையில் இருந்தபடி ஒரு சின்னப் பிள்ளை மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டார், விரல் கழுத்துச் சிலுவையைப் பிடித்திருந்தது. அம்மா மூன்றுதரம் சுற்றி, வாய்க்குள் ஏதோ சொல்லி, எல்லாவற்றையும் நெருப்பில் போட்டார்.

கண்ணூறு இருந்தால் மிளகாய் மணக்காது என்பார்கள். அன்று மணந்த மணம்! காற்று வாவிப் பக்கமிருந்து அடித்து, புகை முழுவதையும் அள்ளிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குள் போனது. முதலில் ஒன்பதாம் வகுப்பு இருமியது, பிறகு எட்டாம் வகுப்பு. கடைசியில் அதிபர் லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார்.

"என்ன நடக்குது இஞ்ச? விஞ்ஞானப் பரிசோதனையா?"

மெசின்காரன் எழும்பி நின்று, கண்ணில் தண்ணீர் வழிய, "இல்ல சேர், சித்திரப் பாடம்" என்றான்.

டீச்சர் இருமிக்கொண்டே சிரித்தார், சிரித்துக்கொண்டே இருமினார். அம்மாவுக்கு மட்டும் பரம திருப்தி. "நல்ல காட்டம். ஒரு கண்ணும் இல்ல" என்றார். போவதற்கு முன்னால், அணைந்த சிரட்டையிலிருந்து கரித்துண்டு ஒன்றை எடுத்து என் கையில் தந்தார். "இனிக் கீறுற படமெல்லாத்திலயும் கன்னத்தில ஒரு கறுத்தப் பொட்டு வையுங்க. குழந்தைப் பிள்ளைக்கு வைக்கிற மாதிரி. அப்ப கண் அதிலதான் போகும்."

அதன் பிறகு எங்கள் ஏழு பேருடைய படத்திலும் டீச்சருக்குக் கன்னத்தில் கரிப்பொட்டு இருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தப் பொட்டால் ஒரு நன்மையும் வந்தது. முகம் கொஞ்சம் திரும்பியிருந்தால் பொட்டு வட்டமாக இருக்காது, நீண்டுபோகும். எங்கே வைப்பது, எவ்வளவு நீட்டுவது என்று பார்க்கப் போய்த்தான் கன்னம் தட்டையான இடமல்ல, உருண்டு போகும் இடம் என்பது எங்களுக்கு விளங்கியது.

மழை தொடங்கும் காலம். ஒரு புதன்கிழமை போனபோது கதிரை வெறுமையாக இருந்தது. டீச்சருக்கு பிரசர் கூடி, பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக அதிபர் வந்து சொன்னார். பிள்ளைக்கு இன்னும் நாள் இருக்கிறதாம். நாங்கள் ஒன்றும் கீறவில்லை. பக்கத்தில் இருந்தவள் அன்று முழுப் பாடமும் கண்ணைத் திறந்தபடி இருந்தாள். மணி அடித்தபோது மெல்லக் கேட்டாள்: "நாங்க கீறினதாலதானோகா?"

அதைக் கேட்ட பிறகு வீட்டுக்குப் போய், படங்களை எல்லாம் சுருட்டி, அடுப்படிக்குக் கொண்டுபோனேன். எரித்துவிடலாம் என்றுதான். அம்மா கண்டுவிட்டார்.

"என்ன செய்யப் போறாய்?"

சொன்னேன். அழுகை வந்துவிட்டது. "நீங்கதானே சொன்னீங்க, கண்ணூறு படுமெண்டு."

அம்மா சுருளை என் கையிலிருந்து வாங்கி, உயரத்தில், அரிசிப் பெட்டிக்கு மேலே வைத்தார். பிறகு என்னைப் பக்கத்தில் இருத்தினார்.

"உனக்கு முன்ன எனக்கொரு பிள்ளை இருந்தது. ஏழாம் மாசம் போயிற்று."

எனக்கு அது தெரியாது. வீட்டில் ஒருவரும் சொன்னதில்லை.

"என்ன ஒருத்தரும் படம் கீறல்ல. போட்டோ எடுக்கல்ல. வாசலுக்குக் கூட விடாம வச்சிருந்தவங்க. வெள்ளிக்கு வெள்ளி மிளகாய் சுத்தினவங்க. அப்பிடி இருந்தும் போயிற்று. அதுக்கும் இதுக்கும் ஒண்டுமில்ல புள்ள."

"அப்ப ஏன் டீச்சருக்குச் செஞ்சீங்க?"

"பயம்தான். பயத்துக்கு என்னத்தையாவது செய்யத்தானே வேணும்."

மழை கூரையில் சத்தமாக விழுந்தது. அம்மா எழும்பிப் போய் வெற்றிலைக் கூடையை இழுத்து வைத்துக்கொண்டு இருந்தார், காலை நீட்டி. பிறகு என்னைப் பார்க்காமலே, "பென்சில எடு. டீச்சர் வரும் வரைக்கும் என்னக் கீறிப் பழகு" என்றார்.

"எப்பிடி இரிக்கப் போறீங்க?"

"இப்பிடித்தான். எனக்கு வேலை கிடக்கு."

அம்மாவின் காலை அதுவரை நான் பார்த்ததே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். தினமும் கண்டிருக்கிறேன், பார்த்ததில்லை. குதி வெடித்திருந்தது. இரண்டாம் விரல் பெருவிரலைவிட நீளம், மிஞ்சி போட்ட இடத்தில் ஒரு பள்ளம். என்னுடைய காலும் அதே மாதிரித்தான் என்பதை அப்போதுதான் கவனித்தேன். அம்மா அடுக்கிக்கொண்டே இருந்ததால் கை நிற்கவில்லை, கையை விட்டுவிட்டுக் காலிலும் முதுகு வளைவிலும் மினைக்கெட்டேன். முடித்துக் காட்டியபோது தாளைத் தூரப் பிடித்துப் பார்த்தார்.

"நான் இவ்வளவு கிழவியா?" என்றார். ஆனால் தாளைத் திருப்பித் தரவில்லை. அப்பா தோட்டத்தால் வந்ததும் அவருக்குக் காட்டினார்.

நான்கு ஐந்து நாட்கள் கழித்துக் காலைக் கூட்டத்தில் அதிபர் எல்லா அறிவித்தலையும் சொல்லி முடித்து, கடைசியில், "சித்திரப் பாட ஆசிரியைக்குப் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம்" என்றார். மெசின்காரன் வரிசையில் நின்றபடியே ஊளையிட்டான். அதற்கு அவன் வெயிலில் நிறுத்தப்பட்டான், வெயில்தான் இருக்கவில்லை, தூறல். சிரித்துக்கொண்டே நின்றான்.

டீச்சர் லீவில் இருந்த நாட்களில் விளையாட்டு சேர் எங்களுக்குக் காவலாக வந்து பேப்பர் வாசிப்பார். நாங்கள் ஒருவரை ஒருவர் கீறினோம். முன்பு பத்து நிமிசம் நிற்க முடியாதவர்கள் இப்போது பாடம் முடியுமட்டும் அசையாமல் இருந்தோம். எப்படி இருப்பது என்று அவ்வளவு நாளும் பார்த்திருந்தோமே. பரீட்சை வந்தது. சித்திரத்துக்கு பஸ் தரிப்பிடம் என்ற தலைப்பை எடுத்தேன். நெல்லும் இல்லை, தண்ணீரும் இல்லை, மதிலும் இல்லை. செருப்புப் போட்டவர்கள், போடாதவர்கள், ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலைச் சொறிபவர் என்று எல்லோரையும் தார் வீதியில் நிறுத்தினேன்.

டிசம்பர் கடைசியில், நத்தார்ப் பண்டிகை கழிந்து இரண்டொரு நாளில் நானும் அம்மாவும் டீச்சர் வீட்டுக்குப் போனோம். அம்மா தோட்டத்துக் கத்தரிக்காயும் நாட்டுக்கோழி முட்டையும் எடுத்துக்கொண்டார். நான் ஏழு பேருடைய படங்களையும் பொலித்தீனில் சுற்றி எடுத்தேன். பாலத்தைக் கடந்து புளியந்தீவில் இறங்கி, ஒரு குறுகிய ஒழுங்கைக்குள் நடந்தோம். கதவைத் திறந்தவர் டீச்சரின் மாமி. உயரமான, இறுகிய முகமுள்ள மனுசி. விசயத்தைக் கேட்டதும் முதலில் படங்களைத் தன்னிடம் தரச் சொன்னார்.

சாப்பாட்டு மேசையில் வைத்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்ப முதலிலிருந்து பார்த்தார். மெலிந்த டீச்சர், கொஞ்சம் பெருத்த டீச்சர், நித்திரை கொள்ளும் டீச்சர். மெசின்காரனின் கதிரையிலும் அரிசிமூட்டையிலும் கொஞ்ச நேரம் நின்றார். கடைசியில் அம்மாவைப் பார்த்து, "போட்டோ எடுக்க விட்டிருக்கலாம் நான்" என்றார். பிறகு தேத்தண்ணி போட எழும்பிப் போனார்.

டீச்சர் அறையிலிருந்து குழந்தையோடு வந்தார். இளைத்திருந்தார், முகம் வேறு மாதிரி இருந்தது. என்னைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி, "பென்சில் கொண்டு வந்தியா?"

"ஓம்."

"அப்ப இவளக் கீறு. கெதியா."

அம்மா கையை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டார். நான் நிலத்தில் அமர்ந்து தொடங்கினேன். குழந்தை கையை வீசியது, காலை மடக்கியது, தலையைத் திருப்பியது. ஒரு கோடு போடுவதற்குள் அடுத்த கோட்டின் இடம் மாறிவிட்டது. பழக்கத்தில் அழிறப்பரை எடுத்தேன்.

"அழிக்காத" என்றார் டீச்சர். "இவள் என்ன மாதிரி நித்திரை கொள்ள மாட்டாள். முழுசாக் கீறப் பாக்காத. எது கொஞ்சம் நிக்குதோ அதப் பிடி, மத்தது போனாப் போகட்டும்."

ஒரு காதைப் பிடித்தேன். மூடிய கை ஒன்றைப் பிடித்தேன், அதன் பக்கத்தில் அதே கை திறந்தபடி. அந்த நேரம் பார்த்துக் குழந்தை அம்மாவின் மடியை நனைத்துவிட்டது. நல்ல சேலை. அம்மா "ஐயோ என்ட ராசாத்தி" என்று தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். அந்தத் தொண்டை, திறந்த வாய், சுருங்கிய கண் எல்லாம் எப்படியோ நாலைந்து கோட்டில் தாளில் விழுந்துவிட்டது. டீச்சர் தாளை எட்டிப் பார்த்தார். என் தலையில் கையை வைத்தார்.

அந்தத் தாள் எனக்குக் கிடைக்கவில்லை, டீச்சரே வைத்துக்கொண்டார். பரீட்சையில் சித்திரத்துக்கு எனக்கு பி தரம். கணக்குக்கு அதைவிட நல்ல பெறுபேறு வந்ததால் வர்த்தகப் பிரிவுக்குப் போனேன். இப்போது அலுவலகம் ஒன்றில் கணக்கு வேலை. மெசின்காரன் உண்மையாகவே மெசின்கள் திருத்துகிறான். விடுமுறை நாட்களில் நான் இன்னும் கீறுகிறேன், பெரும்பாலும் பஸ்ஸில், பெரும்பாலும் நித்திரை கொள்பவர்களை.

டீச்சர் வீட்டுக்கு இடைக்கிடை போவேன். அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். தாயை வயிற்றோடு கீறிய படங்களில் அவளுக்கு ஒரு அக்கறையும் இல்லை. போன தடவை போனபோது ஒரு பெரிய டிமைத் தாளைக் கொண்டு வந்து என் முன்னால் விரித்து, "அன்ரி, எனக்கொரு குதிரை கீறித் தாங்க. ஓடுற குதிரை" என்றாள்.

நான் குதிரையைக் கிட்டத்தில் பார்த்ததே இல்லை. "எருமை கீறித் தரட்டா?" என்று கேட்டேன். வேண்டாமாம்.